வருஷம் 2 கிலோமீட்டர் போட்டா 60 கிலோமீட்டர் எப்ப முடியும்? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ரோட்டப் பத்தித்தான். போன இதழ்ல திருகோணமலை டவுண் ஒழுங்கைகளப் பத்தி ரெண்டு வரி எழுதினன், அதுக்கே இவ்வளவு கேள்வி, வட்ஸ்அப்ல வொய்ஸ் மெசேஜ் வேற. 30 வருஷத்துக்குக் கிட்ட ரோட்டு வேலையில தொழில்நுட்ப உத்தியோகத்தரா நிண்டவன் எண்டதால இதக் கதைக்க எனக்கு ஆசையும் இருக்கு ஆத்திரமும் இருக்கு. அதனால இந்த முறை முழுக்க ரோட்டும் அதுக்கான காசும்தான், மத்தக் கேள்வி அனுப்பினவங்க அடுத்த மாசம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்க.

உப்புவெளியில இருந்து ஒரு ஆசிரியை: எங்கட ஒழுங்கைக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தி தார் காபட் போட்டாங்க. ஒரு மாரி போகல்ல, கரையெல்லாம் உடைஞ்சு நடுவுல கிடங்கு விழுந்திட்டு. காசு அடிச்சிட்டாங்களா, இல்லாட்டி காபட்டே இப்பிடித்தானா?

டீச்சர், நான் கண்ணால காணாத ரோட்டுக்கு ஆரையும் கள்ளன் எண்டு சொல்ல மாட்டன். ஒண்டு மட்டும் கேக்கிறன், உங்கட ஒழுங்கையில கான், அதான் தண்ணி ஓடுற வடிகால், இருக்கா, இருந்தா கடைசியா எப்ப துப்பரவாக்கினது? ரெண்டு பக்கமும் வீட்டுக்காரர் கிறவல் அடிச்சு வளவ உயர்த்தி, மதிலும் கட்டினா மழைத்தண்ணி போக வேற இடமில்லாம ரோட்டுலதான் நிக்கும், ரோடே கானா மாறிடும். காபட் எண்டது மேல இருக்கிற தோல் மட்டும்தான், பாரத்தத் தாங்குறது கீழ இருக்கிற கல்லும் கிறவலும் அதுக்கும் கீழ இருக்கிற மண்ணும். வெயில்ல தார் காஞ்சு இறுகி மயிர் மாதிரி வெடிப்பு வரும், அந்த வெடிப்பால தண்ணி உள்ள இறங்கும், இறங்கின தண்ணிக்கு மேலால ஒரு டிப்பர் போனா கீழ இருக்கிற நைஸ் மண் சேறா வெளிய வரும், அங்க வெத்திடம், பொறகு கிடங்கு. அந்த வெடிப்ப அந்த வருஷமே அடைச்சிருந்தா கொஞ்சம் தாரும் ரெண்டு ஆளும் அரை நாளும் போதும்.

ஆனா காபட் போட காசு வரும், கான் வெட்டவும் வெடிப்பு அடைக்கவும் காசு வராது. காபட் போட்டா படம் எடுக்கலாம், பலகை நடலாம். கான் வெட்டினா ஆர் படம் எடுக்கப் போறாங்க.

இன்னொண்டு எங்கட ஊருக்கே உள்ள பிரச்சினை. அரசாங்கத்துட கணக்கு வருஷம் ஜனவரியில தொடங்கி டிசம்பர் 31ல முடியுது, அதுக்குள்ள செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதி. காசு அனுமதியாகி, டெண்டர் போட்டு, கொந்தராத்து கையெழுத்தாகி வரேக்க ஒக்டோபர் ஆகிடும், கொழும்புல இருந்து பாத்தா அது ஒரு மாசம் மட்டும்தான், திருகோணமலைக்கு அதுதான் மாரி தொடங்குற நேரம். ஒரு வருஷம் எங்களுக்கு அனுமதி வந்ததே ஒக்டோபர் கடைசியில, பில் போகாட்டி காசு திரும்பிடும் எண்டு மேலிடத்துல நெருக்கினாங்க, மழை விட்ட இடைவெளி பாத்துப் பாத்து ஈரத்துக்கு மேல தார் ஊத்தினம். தைப்பொங்கலுக்கு முதலே பொருக்கு மாதிரிக் கழண்டு வந்திட்டு. அந்த ரோட்டால போற ஒவ்வொரு முறையும் இண்டைக்கும் எனக்கு நெஞ்சு சுருக்கெண்டும். அந்த வேலையில ஆரும் காசு அடிக்கல்ல டீச்சர், காசு வந்த நேரம் பிழை. கச்சான் காத்து அடிக்கிற காலத்துல, மே தொடங்கி செப்டம்பருக்குள்ள, எங்கட மாவட்டத்துல தார் வேலை முடியணும். அதுக்கு முந்தின வருஷமே காசு உறுதியா இருக்கணும். பல வருஷத்துக்கான நிதித் திட்டம் வேணும் எண்டு நான் சொல்ற முதல் காரணம் இதுதான்.

கிண்ணியாவில இருந்து ஓட்டோ ஓட்டுற ஒரு தம்பி: பெற்றோலுக்கு வரி, ஸ்பெயார் பார்ட்ஸுக்கு வரி, வருஷா வருஷம் வாகன வரிப்பத்திரம். இவ்வளவும் கட்டியும் ரோட்டுக்குக் காசில்ல எண்டுறாங்க. நாங்க கட்டுற காசு எங்கதான் போகுது?

நியாயமான கேள்வி தம்பி. பெற்றோல், டீசல் வரியெல்லாம் திறைசேரிக்குப் போய் திரட்டு நிதியம் எண்ட ஒரே பெட்டிக்குள்ள விழுது. ஆஸ்பத்திரி மருந்து, சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி எல்லாம் அதே பெட்டியிலதான், ரோடும் அந்த வரிசையில நிக்கும். வட்டி கட்டாட்டி நாடே நிண்டிடும், சம்பளம் குடுக்காட்டி ஆக்கள் தெருவுக்கு இறங்குவாங்க, கான் வெட்டாட்டி இந்த வருஷம் ஒண்டும் நடக்காது, அதனால ரோட்டுப் பராமரிப்பு எப்பவும் கடைசி. வரிப்பத்திரக் காசு மட்டும் மாகாணத்துக்குப் போகுது, அதுவும் மாகாணத்துட பொது வருமானமாத்தான் சேரும்.

அதுக்கு மேல ரோட்டுக்கு மூண்டு சொந்தக்காரர். ஏ, பி எண்டு நம்பர் போட்டது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, 1981ஆம் ஆண்டு 73ஆம் இலக்கச் சட்டத்தால வந்த சபை, நாடு முழுக்க 12,000 கிலோமீட்டருக்கு மேல அவங்கட கையில. உங்கட பெரிய பாலமும் மட்டக்களப்பு போற ஏ15ம் அதுலதான் வரும். சி, டி வகை மாகாண வீதித் திணைக்களத்துக்கு. மிச்ச ஒழுங்கை, குறுக்கு ரோட்டெல்லாம் நகர சபைக்கும் பிரதேச சபைக்கும். நீங்க ஆள் ஏத்தி இறக்குற ரோடு கனக்க இந்தக் கடைசி வகைதான், ஆனா நீங்க அடிக்கிற பெற்றோல்ல இருந்து அந்த ரோட்டுக்கெண்டு ஒரு சதம் நேரா வாறதில்ல. சபைக்கு இருக்கிறது ஆதன வரி, அதான் எங்கட ஆக்கள் சொல்ற சோலைவரி, பொறகு கடை லைசன்ஸ், சந்தைக் குத்தகை, அவ்வளவுதான். மாகாணத்தப் பாத்தா, கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டம்பரோட முடிஞ்சது, அதுக்குப் பொறகு தேர்தலே நடக்கல்ல, உங்கட ரோட்டுக்காக அங்க எழும்பி நிண்டு கேக்க தெரிவான உறுப்பினர் ஒருத்தரும் இல்ல.

உங்கட பள்ளிவாசல்ல வக்பு கடைகள், அதாவது தர்மத்துக்கெண்டு எழுதி வச்ச கடைகள், இருக்கும்தானே, அந்த வாடகைய வேற நல்ல காரியம் எண்டாலும் நினைச்சபடி எடுக்க ஏலாது, எதுக்கு வக்பு செய்தாங்களோ அதுக்கு மட்டும்தான். வீதி நிதியம் எண்டு உலகத்துல கன நாடுகள்ல வச்சிருக்கிறதும் அப்பிடி ஒரு ஏற்பாடுதான். பெற்றோல் லீற்றருக்கு இவ்வளவு எண்டு சட்டத்தால பிரிச்சு, திரட்டு நிதியத்துக்குள்ள விழ முதலே பராமரிப்புக்கெண்டு தனிக் கணக்குல போடுறது. நீங்க ஒரு நாளைக்கு 5 லீற்றர் அடிச்சு வருஷம் 300 நாள் ஓடினா 1,500 லீற்றர், லீற்றருக்கு 1 ரூபா எண்டா வருஷம் 1,500 ரூபா. ஒரு கிடங்குல விழுந்து ஒரு ரயர் வெடிச்சா அதுக்கு மேல போயிடும் எண்டு உங்களுக்கு என்னவிட நல்லாத் தெரியும். புதுசா வரி கூட்டணும் எண்டு நான் சொல்லல்ல, இப்ப எடுக்கிற வரிக்குள்ளயே அந்த 1 ரூபாவப் பிரிச்சு வைக்கலாம்.

உங்கட ஊர்க்காரருக்கு எழுதுறதால இதையும் எழுதாம விட ஏலாது. 2009ல 396 மீட்டர் பாலம் திறக்கிற வரைக்கும் கிண்ணியா ஆக்கள் பாதை எண்டு நாங்க சொல்ற மிதவையிலதான் துறை கடந்தாங்க, பாலம் வந்த சந்தோஷத்த நானும் கண்ணால கண்டன். அதே கிண்ணியாவில 2021 நவம்பர் 23, குறிஞ்சாக்கேணியில பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தாங்க. புதுப்பாலம் கட்டுற வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பாலம் கட்டுற செலவுக் கணக்குக்குள்ள, கட்டி முடியிற வரைக்கும் சனம் எப்பிடிப் பத்திரமாப் போய் வரும் எண்டதுக்கான காசும் முழுசா இருக்கணும். அத மிச்சம் பிடிக்கிற இடமா ஆரும் நினைக்கக் கூடாது.

சீனக்குடாவில இருந்து ஒரு கடைக்காரர்: எங்கட பக்கம் சீமெந்து லொறி, மா லொறி, எண்ணெய் பவுசர் எண்டு இரவு பகலா ஓட்டம். ரோட்ட உடைக்கிறது அவங்க, அதுக்கு வரி கட்டுறது நாங்க. இது சரியா?

சரியில்ல அண்ணன். இதுக்குக் கணக்கே இருக்கு. அமெரிக்காவுல இலினோய்ஸ் மாநிலத்துல ஒட்டாவா எண்ட ஊருக்குப் பக்கத்துல 1958 தொடக்கம் 1960 வரைக்கும் ரோட்டு வளையங்கள் கட்டி, லொறிகள விடாம ஓட்டி, எந்தப் பாரத்துக்கு ரோடு எவ்வளவு கெடுது எண்டு பாத்தாங்க. அச்சுல விழுற பாரம் கூடக் கூட சேதம் கிட்டத்தட்ட அதுட நாலாம் அடுக்கா ஏறுது எண்டு அதுல வந்தது. பாரம் ரெண்டு மடங்கு எண்டா சேதம் 16 மடங்கு. ஒரு காரு அச்சுக்கு அரை டன், ஒரு லொறி அச்சுக்கு 8 டன் எண்டு வச்சா பாரம் 16 மடங்கு, சேதம் 16ஐ நாலு தரம் பெருக்கி வாற 65,536 மடங்கு. அதாவது அந்த லொறி அச்சு ஒரு தரம் உருண்டா, கார் அச்சு அறுபத்தையாயிரம் தரத்துக்கு மேல உருண்ட மாதிரி. இன்னும் சொல்லப்போனா 10 டன் ஏத்த வேண்டிய அச்சுல 13 டன் ஏத்தினா பாக்கிறதுக்கு 3 டன்தான் கூட, சேதம் 3 மடங்குக்குக் கிட்ட.

எண்டாலும் லொறிய விரட்ட ஏலாது, அந்த லொறியாலதான் துறைமுகத்துக்கும் எங்கட டவுணுக்கும் சீவியம். செய்ய வேண்டியது, பாரத்துக்கு ஏத்த மாதிரிக் காசு எடுக்கிறது. நியூசிலாந்துல 1978ல இருந்து டீசல் வாகனம் எவ்வளவு நிறை, எத்தின கிலோமீட்டர் ஓடுது எண்டு பாத்துக் கட்டணம் எடுக்கிறாங்க. எங்களுக்கு அவ்வளவு உடன சரிவராட்டியும், கூடின பாரம் ஏத்துறவங்களுக்கு நிறுவைப் பாலத்துல குத்தம் எழுதி அந்தக் காசு அந்த ரோட்டுக்கே போற மாதிரி வைக்கலாம். பாரம் ஏத்துற இடத்துலயே நிறுக்கிறது இன்னும் நல்லம், ரோட்டுல மறிச்சு நிறுக்கேக்க பாதி ரோடு உடைஞ்சு முடிஞ்சிருக்கும்.

மூதூர்ல இருந்து, 2025 மேயில தெரிவான ஒரு பிரதேச சபை உறுப்பினர்: எங்கட சபையில ரோட்டுக்கு 10 வருஷ பிளான் போடணும் எண்டு பிரேரணை கொண்டுவர யோசிக்கிறன். எதுல இருந்து தொடங்குறது?

தம்பி, உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். அவ்வளவு சந்தோஷம். அதனால இதுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறன்.

காசு தேட முதல் எண்ணுங்க. சபைக்குச் சொந்தமான ரோடு எத்தின, ஒவ்வொண்டும் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், கிறவலா தாரா கொங்கிரீட்டா, கடைசியா எந்த வருஷம் வேலை செய்தது, கான் இருக்கா, மதகு எத்தின. பதிவேடு ஒண்டு சபையில இருக்கும், ஆனா அது ரோட்டோட ஒத்துப்போகுதா எண்டு போய்த்தான் பாக்கணும். ஒரு பைக், ஒரு கொப்பி, ஒரு போன், சபையுட டெக்னிக்கல் ஒபிசரும் நீங்களும், நாலஞ்சு சனி ஞாயிறு போதும். பெரிய ரோட்டுக்கெல்லாம் ஐ.ஆர்.ஐ. எண்டு ஒரு இலக்கம் எடுப்பாங்க, 1982ல பிரேசில்ல நடந்த பரிசோதனையில பிறந்த அளவு அது, வாகனம் எவ்வளவு குலுங்குது எண்டத வச்சு வரும், இலக்கம் குறைஞ்சா ரோடு நல்லம். உங்கட ஒழுங்கைக்கு அது தேவையில்ல. நல்லம், பரவாயில்ல, மோசம், முடிஞ்சுது எண்டு நாலு பிரிவு கண்ணால பாத்துப் போடுங்க, ஒவ்வொரு ரோட்டயும் ஒரே ஆள் பாத்துப் போட்டாத்தான் அளவு ஒண்டா இருக்கும்.

பொறகு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. உங்களுக்கு 60 கிலோமீட்டர் தார் ரோடு இருக்கு எண்டு வைப்பம். மேல் தார் 10 வருஷம் தாங்கும் எண்டா வருஷம் 6 கிலோமீட்டருக்கு மேல்பூச்சு போடணும். சபை வருஷம் 2 கிலோமீட்டர்தான் போடுது எண்டா முதல் போட்ட இடத்துக்குத் திரும்பி வர 30 வருஷம். 30 வருஷம் தாங்குற தார் எங்கட வெயிலுக்கும் மாரிக்கும் இல்ல. அப்ப ஒவ்வொரு வருஷமும் 4 கிலோமீட்டர் கண்ணுக்குத் தெரியாமக் கடனா ஏறுது. இந்த ஒரு கணக்க சபையில கரும்பலகையில எழுதிக் காட்டுங்க, மிச்சப் பிளான் தானா வரும்.

இனி எல்லா ஊர்லயும் நடக்கிற ஒரு பிழை. கிடைக்கிற கொஞ்சக் காசையும் ஆகப் படுமோசமான ரோட்டுக்கு முதல்ல போடுறது. கேக்க நியாயமா இருக்கும், ஆக்களும் அதத்தான் கேப்பாங்க. ஆனா ரோடு கெடுறது ஒரே வேகத்துல இல்ல, முதல் கொஞ்ச வருஷம் ஒண்டும் தெரியாது, பொறகு ஒரு கட்டம் வந்தா சரசரவெண்டு இறங்கும். தென்னாபிரிக்காவுல தேசிய வீதிகளப் பாக்கிற நிறுவனம் கணக்குப் பாத்து, 3 வருஷம் கவனிக்காம விட்டா திருத்துற செலவு 6 மடங்கு, 5 வருஷம் விட்டா 18 மடங்கு எண்டு சொல்லி இருக்கு. நீங்க முடிஞ்சுபோன 1 கிலோமீட்டர அடியில இருந்து கட்டுற காசுல, பரவாயில்ல எண்டு இருக்கிற கன கிலோமீட்டருக்கு வெடிப்பு அடைச்சு மேல்பூச்சு போடலாம். போடாம விட்டா அதெல்லாம் மூண்டு வருஷத்துல மோசத்துக்குப் போயிடும், நீங்க ஒண்டக் கட்ட அஞ்சு உடைஞ்சிருக்கும். உலக வங்கிட 1994 அறிக்கையில, நேரத்துக்கு 1,200 கோடி டொலர் பராமரிப்புக்குச் செலவழிச்சிருந்தா ஆபிரிக்காவுல அதுக்கு முந்தின பத்து வருஷத்துல 4,500 கோடி டொலர் மீள்கட்டுமானச் செலவு மிஞ்சியிருக்கும் எண்டு எழுதி இருந்தாங்க. தும்ப விட்டுட்டு வாலப் பிடிச்ச கணக்கு.

கோயில எடுத்துப் பாருங்க. நித்திய பூசைக்கு ஒவ்வொரு நாளும் உபயகாரர் இருக்கிறாங்க, அது நிண்டா கோயிலே இருண்டிடும். 12 வருஷத்துக்கொரு கும்பாபிஷேகம் இருக்கு, அதுக்கு ஒரு பரிபாலன சபையும் பன்னிரண்டாம் வருஷம் காசு சேக்கத் தொடங்குறதில்ல, அஞ்சாறு வருஷத்துக்கு முதலே திருப்பணிக் கணக்குத் திறந்திடுவாங்க. ரோட்டுக்கும் அப்பிடித்தான். கான் வெட்டுறது, புல்லு வெட்டுறது, கிடங்கு அடைக்கிறது நித்திய பூசை, அதுக்கான காசுல ஆரும் கைவைக்க ஏலாது, எல்லா ரோட்டுக்கும் எல்லா வருஷமும். மேல்பூச்சு கும்பாபிஷேகம், ரோடு ரோடா முறை வச்சு. அடியில இருந்து கட்டுறது கடைசி, முதல் ரெண்டும் போக மிஞ்சுற காசும் வெளியில இருந்து வாற உதவியும் அதுக்கு.

அப்ப படுமோசமான ஒழுங்கையில இருக்கிற சனத்துக்கு என்ன பதில்? அவங்கட வாசல்ல போய் நிண்டு சொல்லத்தான் வேணும். இந்த வருஷம் கிறவல் போட்டு மட்டப்படுத்தி தண்ணி ஓட வைக்கிறம், உங்கட ரோடு 4ஆவது வருஷம் கட்டுறம், இதான் பிளான், இதான் பக்கம் எண்டு காட்டுங்க. எந்த வருஷம் எண்டு தெரிஞ்சா சனம் பொறுக்கும், நான் அனுபவத்துல கண்டன். தெரியாமக் காத்திருக்கிறதுதான் அவங்களக் கோபப்படுத்துது.

இன்னும் ரெண்டு விஷயம். பிளான ரூபாவுல எழுதாதீங்க, கிலோமீட்டர்ல எழுதுங்க, ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷ விலையப் போட்டு ரூபாவாக்குங்க. தார் மசகெண்ணெய்ல இருந்து வாறது, டொலர் ஏறினா தார் ஏறும், 2022ல கொந்தராத்துக்காரர் பாதியில விட்டுட்டுப் போன ரோட்டெல்லாம் நாங்க கண்டதுதானே. முதல் 3 வருஷத்த உறுதியா எழுதி மிச்சத்தப் பருமட்டா வச்சு, வருஷா வருஷம் ஒரு வருஷத்த முன்னுக்கு நகர்த்துங்க. மத்தது, வெளியில இருந்து ஆராவது புது ரோடு போட்டுத் தாறம் எண்டா சந்தோஷமா வாங்குங்க, ஆனா அண்டைக்கே அது உங்கட பதிவேட்டுல ஏறுது, அதுட கானும் வெடிப்பும் இனி உங்கட செலவு, அந்தக் காச எங்க இருந்து எடுக்கிறது எண்டும் அதே கூட்டத்துல எழுதணும். ஆசிய அபிவிருத்தி வங்கிட காசுல வந்த ஐரோட் திட்டத்துல, ரோடு போட்ட கொந்தராத்துக்காரரே பொறகு கொஞ்ச வருஷம் பராமரிக்கணும் எண்டு ஒப்பந்தத்துக்குள்ளயே வச்சாங்க, அது எனக்குப் பிடிச்ச விஷயம், பொறகு வந்து கான் வெட்ட வேண்டியவன் முதல்லயே கான ஒழுங்காக் கட்டுவான்.

கந்தளாய்ல இருந்து ஒரு விவசாயி: எல்லாத்தயும் கொங்கிரீட் போட்டா இந்தத் தலையிடியே இல்லைத்தானே?

சின்ன ஒழுங்கைக்கு, தண்ணி நிக்கிற இடத்துக்கு, வயல் கரை ரோட்டுக்கு கொங்கிரீட் நல்லம்தான் ஐயா, சபைக்கும் பராமரிக்க லேசு. ஆனா ஒரு கிலோமீட்டருக்கு முதல் செலவு கூட, அப்ப அதே காசுக்குக் குறைஞ்ச தூரம்தான் போகும். மூட்டு அடைக்கணும், ரெண்டு கரைக்கும் கிறவல் நிரப்பணும், இல்லாட்டி கரைக்கடியால தண்ணி அரிச்சு தட்டு தட்டா உடையும். உடைஞ்சா தார் மாதிரி லேசுல ஒட்டுப்போட ஏலாது. தண்ணிக் குழாய் போடுறம் எண்டு குறுக்கால வெட்டி விட்டா அதோட சரி. எந்த ரோட்டுக்கு எது எண்டு பாத்துப் போடுங்க.

குச்சவெளியில இருந்து ஒரு மீனவர்: 2020ல புரெவிப் புயல் எங்கட பக்கம்தான் கரைக்கு வந்தது, 2025 நவம்பர்ல டித்வா. ஒரு புயலோட 10 வருஷப் பிளான் எல்லாம் போயிடும்தானே?

போகாம இருக்கத்தான் தனியா ஒரு கணக்கு வைக்கச் சொல்றது. புயல் சேதத்துக்குப் பராமரிப்புக் காச எடுத்தா உடைஞ்ச ஒரு ரோட்டக் கட்டி உடையாத பத்து ரோட்ட உடைய விடுறம். இயற்கை அனர்த்தத்துக்கு ஒரு ஒதுக்கு நிதி, அது காணாட்டி மத்திய அரசு, அதுக்கு மேல வெளிநாட்டு உதவி, இந்த மூண்டும் ஆர் எப்ப எவ்வளவு எண்டு முன்னுக்கே எழுதி இருக்கணும். இன்னொண்டும் நீங்களே கண்டிருப்பீங்க, வெள்ளம் ரோட்ட அறுத்தது கனக்க மதகு சின்னதா இருந்த இடம், இல்லாட்டி மதகு வாயில பிளாஸ்டிக்கும் மரக்கொப்பும் அடைச்ச இடம். அதே சின்ன மதகத் திரும்பவும் கட்டுறது காசக் கடல்ல போடுற வேலை. அறுத்த இடத்துல பெருசாக் கட்டுங்க, அறுக்காத இடத்துல மாரிக்கு முதல் வாயத் திறந்து விடுங்க.

திருகோணமலை டவுண்ல இருந்து ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர்: நீங்க முந்தியும் வீதி நிதியம் எண்டு எழுதினீங்க. இந்த நாட்டுல எந்த நிதியம் தப்பினது? காசு சேந்தா ஆராவது கைவைக்கத்தான் போறாங்க.

ஐயா, உங்கட பயம் சரி. எங்கட நாட்டுல மட்டும் எண்டு நினைக்காதீங்க. பிரித்தானியாவுல வாகனக்காரர் கட்டுற வரிய ரோட்டுக்கெண்டு ஒரு நிதியில போட்டாங்க, 1926ல நிதியமைச்சரா இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அதுல இருந்து பொதுச்செலவுக்கு எடுத்தார். 1937க்குப் பொறகு அந்த வரி நேரா நிதிக்குப் போறதே நிண்டிட்டு. அமெரிக்காவுல 1956ல நெடுஞ்சாலை நிதியம் தொடங்கினாங்க, அதுல ஆரும் பெருசாக் கைவைக்கல்ல, ஆனா பெற்றோல் மீதான மத்திய வரி 1993ல இருந்து கலனுக்கு 18.4 சதத்துலயே நிக்குது, விலைவாசி ஏறிக்கொண்டே போகுது, 2008ல இருந்து பொதுக் கஜானாவால காசு மாத்தித்தான் அத ஓட்டுறாங்க. ஒரு நிதி களவு போயும் சாகும், அசையாம நிண்டும் சாகும். எங்கட நாட்டுலயும் வீதிப் பராமரிப்பு நம்பிக்கை நிதியம் எண்டு ஒண்டு ஆரம்பிச்சாங்க, ஆனா திறைசேரி தாற காசுல தங்கி இருந்தா அது பேருக்குத்தான் நிதியம், வரிசையில நிக்கிறது நிக்கிறதுதான்.

திறைசேரிக்காரர் சொல்ற மறுபக்கமும் இருக்கு, அதையும் நான் மதிக்கிறன். எல்லாக் காசையும் இதுக்கு அதுக்கெண்டு பூட்டி வச்சா, 2022 மாதிரி ஆஸ்பத்திரியில மருந்தில்லாத நாள்ல ரோட்டுக் காசு பெட்டிக்குள்ள சும்மா கிடக்கும், அது அநியாயம் எண்டு சொல்லுவாங்க. அதனாலதான் புது ரோட்டுக்கும் ஹைவேக்கும் நிதியத்துல இருந்து ஒரு சதமும் வேணாம் எண்டுறன், அதெல்லாம் பாராளுமன்றம் வருஷா வருஷம் தீர்மானிக்கட்டும். நித்திய பூசைய மட்டும் பூட்டுங்க. கானும் கிடங்கும் வெடிப்பும் மேல்பூச்சும். அது பெரிய தொகையில்ல, ஆனா ஒரு மாசமும் நிக்கக் கூடாத தொகை.

பூட்டு எப்பிடி எண்டா, அமைச்சர்ட சுற்றறிக்கையால இல்லாம பாராளுமன்றச் சட்டத்தால வரணும், கானா 1997ல அப்பிடிச் சட்டம் போட்டுத்தான் தொடங்கினது. நிதியத்த நடத்துற சபையில அதிகாரிகள் மட்டும் இருந்தாக் காணாது, பஸ் முதலாளி, லொறிக்காரர், விவசாயி, வியாபாரி, ரோட்டுல காசு கட்டுற ஆக்கள் இருக்கணும், அவங்கட காசு எண்டா அவங்க கேப்பாங்க. லீற்றருக்கு எவ்வளவு எண்டத விலைவாசியோட சேத்து வருஷா வருஷம் பாக்கிற ஏற்பாடு சட்டத்துக்குள்ளயே இருக்கணும். மாகாணத்துக்கும் சபைக்கும் எத்தின வீதம் எண்டு ரோட்டு நீளத்தயும் சனத்தயும் வச்சு ஒரு சூத்திரம், ஆரும் அமைச்சர் வீட்டு வாசல்ல நிக்கத் தேவையில்லாம. கணக்காய்வாளர் நாயகத்துட அறிக்கை தமிழ்லயும் வரணும், எந்த ரோட்டுல எத்தின கிலோமீட்டர் எண்டு. நீங்க கணக்காளர், உங்களப் போல ஆக்கள் அத வாசிச்சு ஒரு கேள்வி கேட்டா அந்தப் பெட்டியில கைவைக்கிறது லேசில்ல ஐயா.

தம்பலகாமத்துல இருந்து உயர்தரம் படிக்கிற ஒரு மாணவி: எங்களுக்கு வாக்கும் இல்ல, காசும் இல்ல. நாங்க என்ன செய்யலாம்?

கனக்கச் செய்யலாம் மகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கு, நாட்டுப் பிரஜை ஆரும் கேக்கலாம், என்ன காரணம் எண்டு சொல்லத் தேவையில்ல, தகவல் தாறதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். உனக்கு 18 ஆகாட்டி அப்பா இல்லாட்டி அம்மாட பேர்ல போடு. தமிழ்லயே எழுதலாம். சபைக்கு மூண்டு கேள்வி மட்டும் அனுப்பு, சபைக்குச் சொந்தமான ரோடு மொத்தம் எத்தின கிலோமீட்டர், கடந்த 3 வருஷத்துல ஒவ்வொரு வருஷமும் எத்தின கிலோமீட்டருக்கு மேல்பூச்சு போட்டது, கான் துப்பரவுக்கு மட்டும் எவ்வளவு செலவழிச்சது. மூண்டு பதிலையும் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில ஒட்டு. முதல் இலக்கத்த ரெண்டாவதுட வருஷச் சராசரியால பிரிச்சா எத்தின வருஷத்துக்கு ஒருக்கா உங்கட ரோட்டுக்கு முறை வரும் எண்டு வந்திடும், அத ஆண்டு 6 பிள்ளையும் செய்வான். பதில் வந்தா எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, ஒக்டோபருக்கு முதல் வந்தா இந்தப் பக்கத்துலயே போடுறன்.